பத்திரம் பார்த்தேன், மினிட்ஸ் நோட்டைப் பார்க்கவில்லை

2022 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. விடிகாலை ஐந்தரைக்குப் பால் காய்ச்ச நேரம் குறித்திருந்தோம். அத்தை இடுப்பில் நிறைகுடம், என் கையில் அடுப்பும் பால் பாத்திரமும், கணவர் தோளில் சாமி படங்கள் இருந்த அட்டைப்பெட்டி. லிப்ட் வாசலில் வாட்ச்மேன் தயங்கித் தயங்கி நின்றார். “அம்மா, லிப்ட்டை ஆஃப் பண்ணச் சொல்லிட்டாருங்க செக்ரட்டரி சார். உங்க வீட்டுக்குப் பாக்கி இருக்குதாம்.” எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. யாருக்கு என்ன பாக்கி? கிரையம் முடிந்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நல்ல நேரம் போய்விடுமே என்று மூன்று மாடியும் படியேறினோம். அத்தைக்கு அப்போது 71 வயது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் குடத்தைச் சுவரோரமாக வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார்கள். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

பத்து மணிக்கு, வீட்டு உரிமையாளர்கள் சங்கமான அசோசியேஷனின் செக்ரட்டரி நீள நோட்டு ஒன்றுடன் வந்தார். வீட்டை எங்களுக்கு விற்றவர் 31 மாதம் மெயின்டனன்ஸ் கட்டவில்லை. மாதம் 2,600 வீதம் 80,600. லிப்ட் பெரிய ரிப்பேருக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் போட்ட 25,000. தாமதக் கட்டணம் 6,800. ஆக மொத்தம் 1,12,400 ரூபாய். அதோடு பெயர் மாற்றக் கட்டணம் என்று தனியாக 10,000. “வீட்டோட சேர்ந்த பாக்கிதானேம்மா, இப்ப வீடு உங்களுது” என்றார். கையில் இருந்ததெல்லாம் பத்திரச் செலவுக்கும் மரவேலைக்கும் போயிருந்தது. வந்திருந்த சொந்தக்காரர்கள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

எங்களுடையது சேலத்தில் குகை என்ற பகுதியில் இருந்த வீடு. மாமனார் தறி போட்டுப் பட்டு நெய்த வீடு. அவர் போனபிறகு பாகம் பிரிந்து, எங்கள் பங்குக்கு வந்த பணத்தோடு 24 லட்சம் கடன் சேர்த்து, கன்னங்குறிச்சிப் பக்கம் இந்த வீட்டை 46 லட்சத்துக்கு வாங்கினோம். 2014இல் கட்டிய அடுக்குமாடி. கீழே வண்டி நிறுத்தம், மேலே நான்கு மாடி, மாடிக்கு ஒன்பது வீடு, மொத்தம் 36. பால்கனியில் நின்றால் ஏற்காடு மலை கண்ணுக்கு நேரே. ராத்திரியில் மலைப்பாதையில் ஏறும் வண்டிகளின் விளக்கு மின்மினி மாதிரி வளைந்து வளைந்து போகும். அந்தப் பால்கனியைப் பார்த்துத்தான் அத்தை சம்மதித்தார்கள். கணவருக்கு வேலை பெங்களூரில், சனி ஞாயிறுதான் வருவார். அதனால் வீடு தேடியது, பேங்குக்கு அலைந்தது, பிறகு வந்த தொல்லைகளோடு மல்லுக்கட்டியது எல்லாம் நான்தான். ஐந்து ரோட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுவது என் வேலை. ஊரார் கணக்கையெல்லாம் வரிவரியாகப் பார்க்கிற எனக்கு, வாங்கப்போகிற வீட்டின் கணக்கைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கு முன்னால் வாங்கியவர்கள் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பேங்க் வக்கீல் ஒன்றும் குறை வைக்கவில்லை. மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பிளான் அனுமதி, நிலத்தில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பாகம், சொத்துவரி ரசீது, கரண்ட் பில் என்று எல்லாவற்றையும் பார்த்தார். ஆனால் வில்லங்கச் சான்றில் வருவது பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிவான விஷயங்கள் மட்டும்தான். விற்பனை, அடமானம், செட்டில்மென்ட் இதெல்லாம் வரும். மாதாமாதம் கட்ட வேண்டிய மெயின்டனன்ஸ் பாக்கி அதில் வராது. அது அசோசியேஷன் நோட்டில் மட்டும் இருக்கும். பழைய வீடு வாங்குகிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அசோசியேஷன் லெட்டர்பேடில் ‘இந்த வீட்டுக்கு இந்தத் தேதி வரை பாக்கி இல்லை’ என்று சீல், கையெழுத்தோடு ஒரு கடிதம் கேளுங்கள். விற்பவர் “அதெல்லாம் நான் பாத்துக்கறேங்க” என்று சொன்னால் அங்கேயே நில்லுங்கள். என்னிடமும் அதையேதான் சொன்னார். விற்பனை ஒப்பந்தத்திலும், கிரையத் தேதி வரைக்கும் உள்ள எல்லாப் பாக்கியும் விற்பவர் பொறுப்பு என்று ஒரு வரி எழுத வையுங்கள். முடிந்தால் ஒரு லட்சமாவது நிறுத்திவைத்து, அந்தக் கடிதம் கைக்கு வந்தபிறகு கொடுங்கள். கிரையம் முடிந்தபிறகு நம் கையில் பிடிமானம் எதுவும் இருக்காது.

விற்றவர் ஓசூருக்குக் குடிபோய்விட்டார். முதல் வாரம் “அனுப்பறேன்மா” என்றார். இரண்டாவது வாரம் போனை எடுக்கவில்லை. அதற்கிடையில் செக்ரட்டரி, தண்ணீரை நிறுத்திவிடுவோம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அன்றுதான் எனக்குக் கோபம் வந்தது. பயம் போய்க் கோபம் வந்ததே நல்லதாகப் போயிற்று. தெரிந்த வக்கீல் ஒருவர், “முதல்ல பைலாவை, அதாவது அசோசியேஷன் விதிப் புத்தகத்தை, எழுத்துல கேளுங்க” என்றார். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கினேன். எங்கள் அசோசியேஷன் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது. அப்படிப் பதிவான சங்கம் வருடம் ஒருமுறை பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவு வைக்க வேண்டும், பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். பத்து நாள் இழுத்தடித்து பைலா ஜெராக்ஸைக் கொடுத்தார்கள். ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பாக்கி வீட்டோடு வரும் என்று ஒரு விதி நிஜமாகவே இருந்தது. ஆனால் தாமதக் கட்டணம் என்ற சொல்லே அதில் இல்லை. பெயர் மாற்றக் கட்டணம் 2,000 என்றுதான் இருந்தது. மறுநாள் இரண்டையும் அடிக்கோடிட்டுக் காட்டினேன். செக்ரட்டரி கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, “சரிம்மா, அதை விட்டுடலாம்” என்றார். அவ்வளவுதான். கடைசியில் 1,05,600ஐ மூன்று தவணையாகக் கட்டினேன். ஒவ்வொன்றும் செக்காக, ஒவ்வொன்றுக்கும் ரசீது. விற்றவரிடமிருந்து, வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கரை இரண்டுமுறை ஓசூருக்கு அனுப்பி 40,000 வாங்கினேன். மீதி 65,600 இன்றுவரை வரவில்லை.

இனி மெயின்டனன்ஸ் பணத்தைப் பற்றி. தனி வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மாதம் 2,600 என்பது தண்டச் செலவு மாதிரித் தெரியும். எனக்கும் தெரிந்தது. பில்களைப் பார்த்தபிறகுதான் புரிந்தது. வாட்ச்மேன்கள் இரண்டு பேர், பெருக்குகிற அக்கா ஒருவர், லிப்ட் கம்பெனிக்கு வருட ஒப்பந்தம், ஜெனரேட்டருக்கு டீசல், சம்ப் மோட்டார், இதெல்லாம் போகப் பொது இடத்துக் கரண்ட் பில். நாங்கள் குடிவந்த அதே 2022 செப்டம்பரில்தான் அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டு இணைப்புக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனிக் கட்டணம் வந்தது. அடுத்த வருடம் அதை 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். அது பத்து வீட்டுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும். எங்களுக்கு அது பொருந்தாது. மெயின்டனன்ஸ் 3,000 ஆயிற்று. ஜிஎஸ்டி போடுவார்களோ என்று பயந்து ஒரு கூட்டத்தில் பெரிய சண்டையே நடந்தது. ஒரு வீட்டுக்கு மாதம் 7,500க்கு மேல் வாங்கி, அசோசியேஷனின் வருட வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்த வரி. சேலத்தில் எங்களைப் போன்ற அடுக்குமாடிகளுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

மாத வசூலைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது கார்பஸ் (பெரிய செலவுகளுக்காகச் சேர்த்துவைக்கும் பொது நிதி) எவ்வளவு, அது யார் பெயரில், எந்த டெபாசிட்டில் இருக்கிறது என்பதுதான். கட்டியவர் முதலில் வாங்கியவர்களிடம் சதுர அடிக்கு 30 ரூபாய் வீதம் கார்பஸ் என்று வசூலித்தாராம். கணக்குப் போட்டால் 11 லட்சத்துக்கு மேல் வருகிறது. அசோசியேஷனுக்கு வந்து சேர்ந்தது 4 லட்சம். மீதியைக் கேட்க ஒரு காகிதமும் இல்லை. வாங்கியவர்கள் அவரவர் தனித்தனியாகக் கொடுத்தார்கள், ரசீதைப் பாதிப்பேர் வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் லிப்ட் கெட்டபோது வீட்டுக்கு 25,000 என்று கை நீட்ட வேண்டி வந்தது. கார்பஸ் மெலிந்த கட்டடத்தில் வீடு வாங்கினால், பெயின்ட், லிப்ட், மொட்டைமாடி ஓதம் என்று எது வந்தாலும் நம் பையில்தான் கை வைப்பார்கள். புதிதாகக் கட்டுகிற இடத்தில் வாங்குகிறவர்களுக்கு இப்போது கொஞ்சம் பாதுகாப்பு இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, கட்டுகிறவர் அசோசியேஷன் அமைய வழிசெய்து பொது இடங்களை அதன் பெயருக்கு எழுதித் தர வேண்டும். சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்து புகார் கொடுத்தால், 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். எங்கள் கட்டடம் அதற்கெல்லாம் முந்தியது.

இவ்வளவு சொன்னேனே, அடுக்குமாடியே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். 2023 ஐப்பசியில் ஒருநாள் ராத்திரி ஒன்றே முக்காலுக்கு அத்தைக்கு நெஞ்சு வலி. நான் தனியாள். இன்டர்காமில் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். லிப்ட்டை மூன்றாவது மாடியில் கொண்டுவந்து நிறுத்தி, 108க்குப் போன் போட்டு, எதிர்வீட்டு அண்ணனையும் எழுப்பி, நான் அத்தையின் மாத்திரை டப்பாவைத் தேடி எடுப்பதற்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது. அந்தச் சக்கர நாற்காலி அசோசியேஷன் பணத்தில் வாங்கியது. கூட்டத்தில் ஒருவர் “இதெல்லாம் தேவையா” என்று எதிர்த்தாராம். அத்தை பிழைத்துக்கொண்டார்கள். குகையில் அந்தச் சந்துக்குள் ஆம்புலன்ஸ் வந்திருக்காது.

தண்ணீரும் அப்படித்தான். 2024 சித்திரையில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டி வாட்டியபோது எங்கள் போர்வெல்லில் தண்ணீர் கீழே போய்விட்டது. மேட்டூரிலிருந்து வரும் மாநகராட்சிக் காவிரித் தண்ணீர் சில நாள் விட்டுத்தான் வரும். தனி வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக லாரிக்காரருக்குப் போன் போட்டுக் காத்திருந்த நேரத்தில், எங்கள் அசோசியேஷன் ஒரே லாரிக்காரரிடம் மாதக் கணக்கில் பேசி, காலை ஆறு மணிக்குச் சம்ப்பில் தண்ணீர் இறக்கியது. காவிரித் தண்ணீருக்குத் தனிக் குழாய், குடத்துக்குக் கணக்கு, வரிசைக்குச் சீட்டு. அத்தை அந்த வரிசையில்தான் சிநேகிதிகளைப் பிடித்தார்கள். குகை வீட்டில் சாக்கடை அடைத்தால் மாமனாரும் நானும் மாநகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடப்போம். இங்கே ஒரு போன்தான்.

இனி ஓதம். என்னை 14 மாதம் படுத்திய விஷயம்.

2023 மாசியில் குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள சுவரில், பரணுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நிற மாற்றம் தெரிந்தது. பங்குனியில் சுவரில் பூசிய பட்டி உரிந்தது. பெயின்டரைக் கூப்பிட்டு 9,000 கொடுத்துச் சரிசெய்தேன். ஆடியில் திரும்ப உரிந்தது. இன்னொரு 9,000. நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுவருக்குப் பூசுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான் என்று அப்போது சொல்ல ஆளில்லை. மேல்வீட்டுக் குளியலறைதான் காரணம் என்று நானே முடிவுகட்டினேன். அங்கே கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண் வாடகைக்கு இருந்தாள். ஒருநாள் மேலே போய், “எந்நேரமும் தண்ணி ஓடுது, கீழ ஒரு வீடு இருக்கற நினைப்பே இல்லையா” என்று கத்திவிட்டேன். “அக்கா, புள்ளைத் துணி மட்டுந்தாங்க்கா அலசறேன்” என்றாள். நான் நம்பவில்லை. அசோசியேஷனோ, ‘இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள விவகாரம், நீங்களே பேசிக்கொள்ளுங்கள்’ என்று, கூட்டத்தில் பேசி முடிவெடுப்பதை எழுதும் மினிட்ஸ் நோட்டில் எழுதி மூடிவிட்டது. வீட்டு ஓனர் வெளிநாட்டில். கார்த்திகையில் அந்தப் பெண் வீட்டைக் காலிசெய்து ஈரோட்டுக்குப் போய்விட்டாள். மேல்வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. ஒரு குழாய்கூடத் திறக்கவில்லை. ஆனால் என் சுவர் ஈரம் காயவே இல்லை.

அதற்குள் பரணில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருந்தது. மாமனார் கடைசியாகத் தன் தறியில் நெய்த பட்டுச்சேலை, அரக்கு நிறத்தில் மாம்பழ மஞ்சள் கரை, மடிப்போரம் முழுக்கப் பூஞ்சை பூத்துக் கறுத்திருந்தது. அத்தை அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வழி சொன்னதும் அத்தைதான். பிளம்பர் வந்து, எந்தக் குழாயில் கசிகிறது என்று பார்க்கக் கலர் ஊற்றிப் பார்க்கலாம், கோலப்பொடி கொண்டுவாருங்கள் என்றார். “கோலப்பொடி அடியில படிஞ்சிரும் கண்ணு, நூலுக்குப் போடற சாயம் கேளு” என்று சொல்லி, குகையில் தெரிந்த சாயப்பட்டறைக்காரரிடம் போன் செய்து ஒரு சின்னப் பொட்டலம் சிவப்புச் சாயம் வரவழைத்தார்கள். முதலில் மேல்வீட்டுச் சாவியை வாங்கி, குளியலறைத் துவாரத்தைத் துணியால் அடைத்து, சாயத்தண்ணீரை இரண்டு விரல் உயரத்துக்குக் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டோம். என் சுவரில் ஒன்றும் இல்லை. அடுத்து, குழாய்கள் இறங்கும் அதே டக்ட்டில் சேருகிற, மேல்வீட்டுக்குப் பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் இடத்தில் ஒரு வாளி ஊற்றினோம். நான் நாற்காலி மேல் ஏறி டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்து, உரிந்த பட்டியின் விளிம்பில் குங்குமப் பொட்டு மாதிரி ஒரு துளி திரண்டது. கொஞ்ச நேரம் தொங்கியது. அப்புறம் சொட்டியது.

கோளாறு டக்ட்டுக்குள் போகும் பொதுக் குழாயின் ஜாயின்ட்டில். ஒருவருடைய குளியலறைத் தளத்தின் கசிவு அவர் பொறுப்பு. பல வீட்டுத் தண்ணீர் இறங்கும் பொதுக் குழாய் அசோசியேஷன் பொறுப்பு. எங்கள் பைலாவிலும் அப்படித்தான் இருந்தது. சாயச் சொட்டு வீடியோவையும் விதி எண்ணையும் சேர்த்து எழுத்தில் கொடுத்தபிறகு ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. 2024 சித்திரையில் 38,500 செலவில் குழாயை மாற்றினார்கள். என் 18,000மும் பிளம்பருக்குக் கொடுத்த 2,000மும் திரும்ப வரவில்லை. பாக்கி, பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்தால் நான் இழந்தது 87,600. உங்கள் வீட்டில் ஓதம் தெரிந்தால் முதலில் தேதியோடு போட்டோ எடுங்கள், அடுத்து சாயம் ஊற்றிப் பாருங்கள், காரணம் தெரிந்தபிறகு சண்டையோ பெயின்டோ வைத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டுப் பெண்ணின் நம்பரைத் தேடி வாங்கி மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லைக்கா” என்றாள். நான் கத்தியபோது அந்தக் குழந்தை வீரிட்டு அழுதது என் காதிலிருந்து போகவில்லை.

விதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலது நல்லது. ராத்திரி பத்துக்கு மேல் மிக்ஸி, டிரில் கூடாது என்பதில் எனக்குத் தூக்கம் கிடைக்கிறது. சிலது வெறும் அதிகாரம். கோடையில் வடகம் காயவைக்க மொட்டைமாடி கிடையாது, பூட்டுச் சாவி தலைவர் வீட்டில். கல்யாணமாகாத பையன்களுக்கு வாடகைக்கு விடக்கூடாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போட்டு அதை விதி என்றார்கள். நாய் வளர்க்கும் குடும்பத்தைத் துரத்தப் பார்த்தார்கள். வளர்ப்புப் பிராணிகளுக்கு அசோசியேஷன் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலே இருக்கிறது. எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள் லிப்ட்டில் ஏறக்கூடாது என்று ஒருமுறை அறிவிப்பு ஒட்டினார்கள். நாலு மாடி ஏறி நம் பாத்திரம் துலக்க வருகிறவர்களுக்கு லிப்ட் கிடையாதா? பால் காய்ச்சிய அன்று அத்தை மூச்சு வாங்கி நின்றதைச் சொல்லிக் கூட்டத்தில் பேசினேன். குரல் நடுங்கியது. ஐந்தாறு பெண்கள் என்னோடு எழுந்தார்கள். மறுநாள் அறிவிப்பைக் கிழித்துவிட்டார்கள். வீடு வாங்குவதற்கு முன் பைலாவைப் படிக்கும்போது, எது பொதுக்குழுத் தீர்மானம், எது யாரோ ஒருவர் ஒட்டிய காகிதம் என்று பிரித்துப் பாருங்கள்.

அதற்கு மினிட்ஸ் நோட்டுதான் கண்ணாடி. விற்பவர் மூலமாகக் கேட்டு, கடைசி இரண்டு வருடக் கூட்டங்களைப் புரட்டுங்கள். ஒரே சண்டை நாலு கூட்டமாக ஓடுகிறதா, யார் யார் கட்டாமல் இருக்கிறார்கள், கட்டடத்தில் என்ன கோளாறு, ஒரே கமிட்டி எத்தனை வருடமாக நாற்காலியில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் கிடைக்கும். எங்கள் கட்டட நோட்டில் 2021 பக்கத்திலேயே ‘டக்ட் குழாய் கசிவு, பிறகு பார்க்கலாம்’ என்று ஒரு வரி இருந்தது. என் 14 மாதத் தலைவேதனை, நான் வீடு வாங்குவதற்கு ஒரு வருடம் முன்பே ஒருவர் கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நோட்டைத் தர மாட்டோம் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

குடிவந்தபிறகு கூட்டத்துக்குப் போங்கள். முதல் இரண்டு கூட்டத்துக்கு நான் போகவில்லை, ஆம்பளைகள் பேசுகிற இடம் என்று இருந்துவிட்டேன். 36 வீட்டில் பதினோரு பேர் வந்து, அதில் நாலு பேர் பேசி, முடிவு 36 வீட்டுக்கும் ஆகிவிடுகிறது. 2022இல் நிறைவேறிய தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபிறகு கூட்டங்கள் இன்னும் முக்கியமாகிவிட்டன. கட்டடத்தை இடித்துத் திரும்பக் கட்ட முன்பு எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்று இருந்தது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் போதும். பழைய கட்டடத்தில் இருப்பவர்களுக்கு அது வரமாகவும் இருக்கலாம், சாபமாகவும் இருக்கலாம். வராமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவர் அதில் எந்தப் பக்கம் என்பதை மற்றவர்கள் முடிவு செய்துவிடுவார்கள்.

சென்ற பொதுக்குழுவில் பில் சரிபார்க்க இரண்டு பேரைப் போட்டார்கள், அதில் நான் ஒருத்தி. மாதம் ஒரு ஞாயிறு சாயந்திரம் போகிறது. வாட்ஸ்அப்பில் மங்கலான போட்டோவாக வந்துகொண்டிருந்த கணக்கு இப்போது டைப் செய்து நோட்டீஸ் போர்டில் வருகிறது. செக்ரட்டரி பழையவர்தான். கெட்டவர் இல்லை, சம்பளமில்லாத வேலையைப் பத்து வருடமாகத் தூக்கிச் சுமந்து அலுத்தவர். பாக்கிக்கு லிப்ட்டை நிறுத்தியது தப்பு என்று அவரே ஒருநாள் அத்தையிடம் சொன்னார்.

போன மாதம் முதல் மாடியில் ஒரு வீடு விலைக்கு வந்தது. பார்க்க வந்தவர்கள் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு கணவன் மனைவி, முதல் வீடு. படியில் வைத்து அந்தப் பெண்ணிடம் பாக்கி இல்லா கடிதத்தின் மாதிரியையும் பைலா ஜெராக்ஸையும் கொடுத்தேன். விற்பவருக்கு என்மேல் கோபம். ஐந்து மாதப் பாக்கி இருந்திருக்கிறது. மறுவாரம் கட்டினார். அந்தப் பெண் போன் செய்து, “அக்கா, மினிட்ஸ் நோட்டுன்னா என்னங்க்கா, யார்கிட்டக் கேக்கணும்?” என்றாள். ஞாயிறு சாயந்திரம் வரச் சொல்லியிருக்கிறேன்.